இல்லத்துக் குழந்தையைக் கையில் எடுக்கும் முன்: பராமரிப்புப் பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வீட்டில் வளரும் குழந்தையை அம்மா, பாட்டி, அத்தை என்று மூன்று நான்கு பேர் தூக்குவார்கள். ஆதரவற்ற குழந்தைகளும் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளும் சேர்ந்து தங்கியிருந்த ஓர் இல்லத்தில் நான் மேற்பார்வைப் பணியில் இருந்தபோது, நடக்கவும் பேசவும் இயலாத ஏழு வயதுச் சிறுவன் ஒருவனை ஒரே நாளில் எத்தனை பேர் தொடுகிறார்கள் என்று காலை முதல் இரவு வரை கூடவே இருந்து எண்ணிப் பார்த்தேன். எழுப்பியவர், பல் துலக்கிவிட்டவர், குளிப்பாட்டியவர், காலைச் சிற்றுண்டி ஊட்டியவர், சிறப்பாசிரியர், இயன்முறை சிகிச்சையாளர், மதியச் சோறு ஊட்டியவர், உடை மாற்றியவர், மாலையில் வந்த கல்லூரி மாணவி, இரவு உணவு ஊட்டியவர், இரவுக் காவலில் இருந்தவர் என்று 11 பேர் வந்தது கணக்கு. அவனுடைய இடது இடுப்பு விலகியிருப்பதால் அந்தக் காலைப் பிடித்துத் தூக்கக்கூடாது என்பது அவர்களில் மூன்று பேருக்குத்தான் தெரிந்திருந்தது. கீழே நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி, அந்தப் 11 பேரை எப்படிக் குறைப்பது, எஞ்சியவர்கள் அனைவருக்கும் அந்த இடுப்பு விஷயத்தை எப்படித் தெரியவைப்பது என்பதைப் பற்றியதே.

முதலில் கோப்பு

பணியில் சேர்ந்த நாளே நீங்கள் கேட்டுப் பார்க்க வேண்டிய தாள்கள் இரண்டு. ஒன்று, இல்லத்தின் பதிவுச் சான்றிதழ். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், அரசு நிதி பெற்றாலும் பெறாவிட்டாலும், குழந்தைகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் நிறுவனங்கள் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது. பதிவில்லாமல் நடத்துபவருக்கு ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மற்றொன்று, ஒவ்வொரு குழந்தையையும் அந்த இல்லத்தில் வைத்துப் பராமரிக்கலாம் என்று மாவட்டக் குழந்தைகள் நலக்குழு பிறப்பித்த ஆணை. "யாரோ வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள், பாவம் என்று வைத்துக்கொண்டோம்" என்பது நல்ல மனதின் அடையாளமாக இருக்கலாம். ஆனால் கண்டெடுக்கப்பட்ட குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நலக்குழுவின் முன் நிறுத்த வேண்டும் என்பதே சட்டம். ஆணை இல்லாத குழந்தை காகிதத்தில் எங்குமே இல்லாத குழந்தை. அது காணாமல் போனாலும் கேட்க ஆள் இருக்காது.

மாற்றுத்திறன் கொண்ட குழந்தையின் கோப்பில் இன்னொன்றையும் தேடுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, குறைபாடு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எந்தக் குழந்தையையும் பெற்றோரிடமிருந்து பிரிக்கக்கூடாது என்றும், குழந்தையின் நலனுக்காகத் தேவைப்பட்டால் தகுதியுள்ள நீதிமன்றத்தின் ஆணையின் பேரில் மட்டுமே அதைச் செய்யலாம் என்றும் சொல்கிறது. பெற்றோரால் பார்த்துக்கொள்ள இயலாதபோது நெருங்கிய உறவினர், அவர்களும் இல்லையென்றால் ஊருக்குள்ளேயே ஒரு குடும்பச் சூழல், அதற்கும் வழியில்லாதபோது விதிவிலக்காகவே இல்லம் என்று அந்தப் பிரிவு வரிசை கட்டுகிறது. ஆகவே கோப்பில் தாய்மாமன், சித்தி, பாட்டி என்று யாருடைய பெயராவது இருந்தால் அதை ஒரு முகவரியாக மட்டும் எண்ணிக் கடந்து போய்விடாதீர்கள்.

கோப்பைப் படித்ததை மனதோடு வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் எதிரிலேயே "இவங்க அம்மா இவளை பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டுப் போயிட்டாங்க" என்று வருகையாளருக்குக் கதை சொல்லும் பழக்கம் பல இல்லங்களில் ஊறிப்போயிருக்கிறது. பேசாத குழந்தைக்குக் கேட்கவும் செய்யாது என்று பெரியவர்கள் தாமாக முடிவு செய்துகொள்கிறார்கள்.

ஒரு பக்கக் குறிப்பேடு

மருத்துவக் கோப்பு அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடக்கும். காலை ஐந்தரை மணிக்குக் குளிப்பாட்ட வரும் ஆயாவுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அவர் படிக்க வேண்டியது குழந்தையின் கட்டில் அருகில், கைக்கு எட்டும் இடத்தில், பெரிய எழுத்தில், தமிழில் எழுதிய ஒரே ஒரு பக்கம். வருகையாளர் கண்ணில் படாதவாறு அட்டையின் உட்பக்கம் ஒட்டிவைக்கலாம். படிக்கத் தெரியாத ஆயாவாக இருந்தால் முதல் வாரம் தினமும் வாசித்துக் காட்டுங்கள். மூன்றாம் நாள் அவரே உங்களுக்கு இரண்டு திருத்தம் சொல்வார், அவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தச் சிறுவனுக்கு நாங்கள் எழுதிய பக்கம் ஏறக்குறைய இப்படி இருந்தது: இடது காலைப் பிடித்துத் தூக்காதீர்கள், ஒரு கை முதுகுக்கும் ஒரு கை இரண்டு தொடைகளுக்கும் அடியில் கொடுத்து மடித்த நிலையில் தூக்குங்கள். கண்ணை மேலே உயர்த்தினால் 'ஆமாம்', மூடிக்கொண்டால் 'வேண்டாம்'. தலையில் தண்ணீர் ஊற்றும் முன் கையில் ஊற்றிக் காட்டுங்கள், இல்லாவிட்டால் உடம்பு முழுவதும் விறைத்துவிடும். தண்ணீரைக் கரண்டியால் மட்டும் கொடுங்கள். மிக்ஸி ஓடும் சத்தத்துக்குப் பயம். வலிப்பு மருந்து காலை எட்டு, இரவு எட்டு. ரயில் சத்தம் கேட்டால் சிரிப்பான்.

கடைசி வரியைப் பார்த்துவிட்டு, அது எதற்கு என்று ஆய்வுக்கு வந்த ஒருவர் கேட்டார். அந்த ஒரு வரியால்தான் புதிதாக வந்த ஆயா ஒருவர் அவனைச் சன்னல் ஓரம் உட்கார வைத்துச் சாப்பாடு ஊட்டத் தொடங்கினார். அவர் அவனோடு இரண்டு ஆண்டுகள் இருந்தார்.

ஊட்டுதல்

இந்தப் பணியில் அதிக நேரத்தையும் அதிகப் பொறுமையையும் கேட்பது ஊட்டுதல்தான். அதிக ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள பல குழந்தைகளுக்கு வாய், நாக்கு, தொண்டை ஆகியவற்றின் தசைகள் ஒன்றோடொன்று இசைந்து வேலை செய்வதில்லை. விழுங்கும்போது உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். நாம் அதைப் புரையேறுதல் என்று சொல்லித் தலையில் தட்டிவிட்டுப் போய்விடுகிறோம். சில குழந்தைகளுக்கு இருமல்கூட வராமல் சத்தமில்லாமலேயே உணவு நுரையீரலுக்குள் போகும். அடிக்கடி நெஞ்சுச் சளி பிடித்து மருத்துவமனைக்குப் போய்வரும் குழந்தையைப் பார்த்தால், 'குளிர்ந்த காற்று ஒத்துக்கொள்ளவில்லை' என்று சொல்லும் முன், யார் எப்படி ஊட்டுகிறார்கள் என்று பாருங்கள்.

படுக்கவைத்து ஊட்டவே கூடாது. தொடையில் கிடத்தி, தலையைப் பின்னால் சாய்த்து, வாயில் கஞ்சியை ஊற்றும் முறை நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக வருவது. சங்கில் பால் புகட்டிய பழக்கத்தின் தொடர்ச்சி என்று நினைக்கிறேன். தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழாய் திறந்துகொள்ளும். நிமிர்ந்து உட்காரவைத்து, இடுப்பும் முழங்காலும் மடங்கி, பாதம் எதன் மீதாவது பதிந்து, தலை நேராகவோ சற்றே முன்னால் குனிந்தோ இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தனி நாற்காலி இல்லாவிட்டால் சுவர் மூலையில் பழைய போர்வைகளைச் சுருட்டி இரு பக்கமும் முட்டுக் கொடுத்தும் இதைச் செய்ய முடியும். நீங்கள் நின்றுகொண்டு ஊட்டினால் குழந்தை உங்கள் முகத்தைப் பார்க்க அண்ணாந்துவிடும். ஆகையால் நீங்களும் குழந்தையின் கண்மட்டத்துக்கு உட்காருங்கள்.

கரண்டி சிறியதாகவும் அதிகம் குழியில்லாமல் தட்டையாகவும் இருக்கட்டும். கரண்டி வாய்க்குள் போனவுடன் பல்லை இறுகக் கடித்துக்கொள்ளும் குழந்தைகள் உண்டு. அது அவர்கள் விருப்பத்தில் நடப்பதில்லை. இழுத்துப் பிடுங்காதீர்கள், பல் பெயரும்; தாடை தளரும் வரை காத்திருங்கள். கடித்தால் உடைந்து துண்டாகும் மெல்லிய பிளாஸ்டிக் கரண்டி ஆகாது, உங்கள் விரலும் ஆகாது. அரைக் கரண்டி உணவை நாக்கின் நடுவில் வைத்து மெல்ல அழுத்தி, கரண்டியை நேராக வெளியே எடுங்கள். மேல் பல்லில் வழித்துவிடுவது பழக்கத்தால் வரும் அவசரம். விழுங்கியதைத் தொண்டையில் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த வாய். இந்தக் கணக்கில் ஒரு கிண்ணம் பருப்புச் சாதத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகும் குழந்தைகள் இருக்கிறார்கள். ஐந்து குழந்தைகளை வரிசையாக உட்காரவைத்து ஒரே கரண்டியால் ஒருவர் மாற்றி ஒருவருக்கு ஊட்டும் காட்சியை நான் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பார்த்திருக்கிறேன்; ஊட்டுபவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவரிடம் ஐந்து குழந்தைகளையும் அரை மணி நேரத்தையும் கொடுத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

உணவின் பதமும் முக்கியம். நீர்த்த ரசம் சாதம்தான் எளிதில் இறங்கும் என்று நினைப்போம்; விழுங்கும் சிக்கல் உள்ள பல குழந்தைகளுக்குத் தண்ணீரும் ரசமுமே அதிகம் புரையேறுபவை, கெட்டியான ராகிக் கூழும் நன்றாகக் குழைத்த பருப்புச் சாதமும் மெதுவாக, கட்டுக்குள் இறங்கும். சாதத்தை ரசத்தில் மிதக்கவிட்டால் நீர் ஒரு வேகத்திலும் பருக்கை ஒரு வேகத்திலும் போகும். அது இரண்டையும்விட மோசம். எந்தக் குழந்தைக்கு எந்தப் பதம் என்பதை மருத்துவரோ விழுங்குதலைச் சோதிக்கத் தெரிந்த பேச்சுப் பயிற்சியாளரோ முடிவு செய்யட்டும். சென்னைக்கு அருகில் முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் போன்ற இடங்களில் இதற்கு வழிகாட்டுவார்கள். முடிவானதைக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். சாப்பிட்டு முடித்த பிறகு அரை மணி நேரமாவது நிமிர்ந்த நிலையிலேயே வைத்திருங்கள்.

தண்ணீர் கேட்கத் தெரியாத குழந்தைக்குச் சித்திரை வெயிலில் யாரும் தண்ணீர் கொடுக்காமலேயே ஒரு முழு மதியம் கழிந்துவிடும். சிறுநீர் மஞ்சளாக, குறைவாகப் போனால் அதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கரண்டியால் கொடுத்து நேரத்தைக் குறித்துவையுங்கள். மாதம் ஒரு முறை எடை பாருங்கள். தனியாக நிற்க இயலாத குழந்தையை நீங்கள் தூக்கிக்கொண்டு எடை மேடையில் நின்று உங்கள் எடையைக் கழித்தால் போதும்.

அழுகையைப் படிப்பது

அடம் என்ற சொல்லை முதல் ஆறு மாதத்துக்குப் பயன்படுத்துவதில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பேச இயலாத குழந்தை திடீரெனக் கையைக் கடிப்பதும், தலையைச் சுவரில் மோதுவதும், சாப்பாட்டைத் தட்டிவிடுவதும் எங்கோ வலிக்கிறது என்பதன் மொழியாக இருக்கலாம். பல், காது, வயிறு என்ற மூன்றையும் முதலில் பாருங்கள். நடமாட்டம் இல்லாத குழந்தைகளுக்கு மலச்சிக்கல் மிகச் சாதாரணம். நான்கு நாள் மலம் போகவில்லை என்பதை, நான்கு நாளும் வேறு வேறு ஆயா கழுவிவிட்டதால், யாருமே கவனிக்காமல் விட்ட சம்பவம் எங்கள் இல்லத்திலேயே நடந்தது. ஒரு வாரமாக அழுத பெண் குழந்தையை 'அம்மா ஞாபகம்' என்று சொல்லித் தேற்றிக்கொண்டிருந்தோம். அதன் பிறகுதான் கட்டில் தலைமாட்டில் நாட்காட்டியைத் தொங்கவிட்டு, மலம் கழித்த நாளில் ஒரு புள்ளி வைக்கும் வழக்கம் வந்தது.

வலிப்பு வரும்போது கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும், பல்லிடுக்கில் கரண்டியை நுழைப்பதும், முகத்தில் தண்ணீர் தெளிப்பதும் வேண்டாம். பக்கவாட்டில் ஒருக்களித்துக் கிடத்தி, சுற்றிலும் உள்ள கூர்மையான பொருட்களை விலக்கி, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பும் முன் மறுபடி வந்தாலோ, 108ஐ அழையுங்கள். வலிப்பு மருந்தை ஒரு வேளைகூடத் தவறவிடக்கூடாது. திருவிழா விடுமுறையில் ஊருக்கு அனுப்பும் குழந்தையின் பையில் முதலில் வைக்க வேண்டியது உடையல்ல, நாட்களுக்கு எண்ணி வைத்த மாத்திரைகள்.

உடலும் கண்ணியமும்

படுத்தே இருக்கும் குழந்தையை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிவிடுங்கள். வால் எலும்பு, குதிகால், இடுப்பு எலும்பு ஆகிய இடங்களில் தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் அந்தச் சிவப்பு மறையாமல் நின்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த இடத்தைத் தேய்த்துவிடாமல், அதன் மீது பாரம் விழாமல் திருப்பிப் போடுங்கள்.

குளியலும் கழிப்பறையும் திரைக்குப் பின்னால்தான் நடக்க வேண்டும். முற்றத்துக் குழாயடியில் எல்லாக் குழந்தைகளையும் வரிசையாக நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவது வேலையை எளிதாக்கும் என்பது உண்மைதான். பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளையும் அந்த வரிசையில் நிற்கிறாள் என்பதும் உண்மை. பெண் பிள்ளைகளைப் பெண் பணியாளர் மட்டுமே குளிப்பாட்டட்டும். உடை கழற்றும் முன் சொல்லிவிட்டுக் கழற்றுங்கள், குழந்தைக்குப் புரியாது என்று நீங்கள் நினைத்தாலும் சொல்லுங்கள். எந்தப் பெரியவரும் வந்து எந்த விளக்கமும் இல்லாமல் உடையைக் கழற்றலாம் என்று பழகிப்போன குழந்தையிடம், தவறான நோக்கத்தோடு வருபவர் எந்த எதிர்ப்பையும் சந்திக்கமாட்டார்.

இதைப் பற்றிச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பாலியல் வன்முறை நடந்ததாகத் தெரியவந்தாலோ, நடக்கக்கூடும் என்று தோன்றினாலோ, 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. மறைத்தால் ஆறு மாதம் வரையும், நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தமக்குக் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரையும் சிறைத் தண்டனை உண்டு. 'இல்லத்தின் பெயர் கெட்டுவிடும், நாமே பேசித் தீர்த்துக்கொள்ளலாம்' என்று மேலிருந்து சொல்லப்பட்டால், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை நீங்களே அழைக்கலாம். அந்த எண்ணைக் குழந்தைகள் கண்ணுக்கு எதிரே, தொலைபேசிக்கு அருகில் எழுதிவைப்பது உங்கள் முதல் வாரத்து வேலைகளில் ஒன்றாக இருக்கட்டும்.

அடிப்பது பற்றியும் அப்படியே. இல்லத்தில் பணிபுரிபவர் ஒழுங்குபடுத்துவதாகச் சொல்லிக் குழந்தையை அடித்தால் முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், அடுத்தடுத்த முறை மூன்று மாதம் வரை சிறை என்று இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. சோற்றை நிறுத்துவது, வீட்டாரோடு பேசவிடாமல் செய்வது, படுக்கையை நனைத்த பிள்ளையைப் பிறர் முன் நிறுத்திச் சிரிப்பது ஆகியவை அந்தப் பிரிவில் வருமா என்று வழக்கறிஞரைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பெரிய அக்காக்கள்

இரு வகைக் குழந்தைகளும் சேர்ந்து வாழும் இல்லங்களில், பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் பிள்ளைகள் காலையில் எழுந்தவுடன் சின்னக் குழந்தைகளைக் குளிப்பாட்டி, மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கு ஊட்டி, அதன் பிறகு அவசரமாகப் பள்ளிக்கு ஓடுவதைக் காணலாம். பாசமாகப் பழகுகிறார்கள், பொறுப்பு கற்றுக்கொள்கிறார்கள் என்று நிர்வாகம் பெருமையாகச் சொல்லும். சம்பளத்துக்கு ஆள் எடுக்காமல், அடைக்கலம் தேடி வந்த பிள்ளையிடம் வேலை வாங்குவதற்கு அது ஓர் அழகான பெயர், அவ்வளவுதான். மாலையில் தானாக வந்து அந்தச் சிறுவனின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் ரயில் காட்டும் அக்காவைத் தடுக்க வேண்டாம். ஆனால் பணிப் பட்டியலில் எந்தக் குழந்தையின் பெயரும் இருக்கக்கூடாது.

இரவு

ஓர் இல்லத்தின் தரத்தை அறிய வேண்டுமானால் இரவு இரண்டு மணிக்கு அங்கே எத்தனை பெரியவர்கள் விழித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலம் பாதிக்கப்பட்டோரை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தின் ஓலைக் கொட்டகையில் விடியற்காலையில் தீப்பிடித்தபோது 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. இன்று யாரும் சங்கிலி போடுவதில்லை என்று சொல்வார்கள். ஓடிவிடுகிறான் என்பதற்காகத் துப்பட்டாவால் கட்டிலோடு கட்டுவதும், வெளியே தாழ் போட்டுவிட்டுக் காவலர் வாசலில் தூங்குவதும் அதே வகைதான்.

ஆகையால் கதவு உள்ளிருந்தும் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நடக்க இயலாத குழந்தைகள் தரைத் தளத்தில், வாசலுக்கு அருகில் படுக்க வேண்டும். தீப்பிடித்தால் எந்தப் பணியாளர் எந்தக் குழந்தையைத் தூக்குவது என்று பெயர் பெயராக எழுதிவையுங்கள். மாதம் ஒரு முறை உண்மையாகவே தூக்கிக்கொண்டு வெளியே வந்து பாருங்கள். நாங்கள் முதல் முறை முயன்றபோது சக்கர நாற்காலி வாசல்படியில் இடித்துக்கொண்டு நின்றது. சாய்தளம் பின்வாசலில் இருந்தது. பின்வாசலில் அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்தன.

விருந்தாளிகள்

தமிழ்நாட்டு இல்லங்களின் சமையலறை பெரும்பாலும் பிறந்தநாள்களாலும் திதிகளாலும் ஓடுகிறது. சோறு போட வருபவர்களை மரியாதையோடு வரவேற்கத்தான் வேண்டும், அவர்கள் இல்லாவிட்டால் பல இல்லங்கள் நடக்காது. ஆனால் ஒரே ஞாயிற்றுக்கிழமை மூன்று குடும்பங்கள் வந்து, மூன்று கேக் வெட்டி, இலை போட்ட பிறகும் சாப்பிடவிடாமல் குழந்தைகளை வாழ்த்துப் பாட வைத்து, நெய்ச் சோறும் குலாப் ஜாமூனும் திணித்துவிட்டுப் போனால், திங்கட்கிழமை வயிற்றுப்போக்கைக் கழுவுவது நீங்கள்தான். ஒரு நாளுக்கு ஒரு குடும்பம், இல்லத்தின் சமையலறையில் இல்லத்தார் சமைத்த உணவு, மண்டபத்தில் மிஞ்சியதை இரவு பதினொரு மணிக்குக் கொண்டுவந்து இறக்குவதற்கு அனுமதி இல்லை என்று முன்கூட்டியே அச்சடித்துக் கொடுத்துவிட்டால் பெரும்பாலானோர் புரிந்துகொள்வார்கள். விழுங்கும் சிக்கல் உள்ள குழந்தைக்கு விருந்தாளி யாரும் ஊட்டக்கூடாது. ஆசையாகக் கேட்டாலும் கூடாது.

புகைப்படம் பற்றி இளைஞர் நீதிச் சட்டமே தெளிவாக இருக்கிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயரையோ, முகவரியையோ, பள்ளியையோ, படத்தையோ அடையாளம் தெரியும்படி ஊடகத்தில் வெளியிட்டால், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். "முகநூலில் போடத்தானே" என்பவருக்கு, அவர் வைத்த இலையையும் பாத்திரத்தையும் படமெடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

திரும்பத் திரும்ப வர விரும்பும் தன்னார்வலர் கிடைத்தால் அவருக்கு ஒரே ஒரு குழந்தையையும் ஒரே ஒரு கிழமையையும் கொடுங்கள். நாற்பது குழந்தைகளுக்கு ஒரு நாள் விளையாட்டுக் காட்டுபவரைவிட, வியாழன்தோறும் வந்து ஒரு குழந்தைக்கு நகம் வெட்டிக் கதை சொல்பவரை நான் தேர்ந்தெடுப்பேன்.

வீடு

மாதம் ஒரு முறை பேருந்து பிடித்து வந்து, வாசலில் தயங்கி நிற்கும் அம்மாவை விசாரணைக் கைதி போல நடத்தாதீர்கள். அன்று மதியம் ஊட்டும் வேலையை அவரிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். வறுமையால்தான் குழந்தை இங்கே இருக்கிறது என்றால், தகுதியுள்ள குடும்பங்களுக்கு மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க உதவுங்கள். ஊனத்தின் தன்மைக்கும் அளவுக்கும் ஏற்ப மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை தனி. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை இல்லாமல் இவற்றில் பலவற்றுக்கு வழியில்லை என்பதால், அட்டை இல்லாத குழந்தைகளின் பட்டியலை முதல் மாதத்திலேயே எடுத்துவிடுங்கள்.

பதினெட்டு வயது நெருங்கும் பிள்ளைகளுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பிருந்தே ஏற்பாடு தொடங்க வேண்டும். படிக்கவோ வேலைக்கோ செல்லக்கூடியவர்களுக்கு இல்லத்தை விட்டுப் போன பிறகும் தொடரும் பின்தொடர் பராமரிப்பை 21 வயது வரை கேட்கலாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சட்டப்படியான பாதுகாவலரை, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழு நியமிக்கிறது. அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது.

நீங்கள் போகும்போது

சம்பளம் குறைவு, வேலை கடினம். ஒரு நாள் நீங்களும் போவீர்கள். சொல்லாமல் போய்விட்டால், அடுத்து வருபவரிடம் குழந்தை ஒரு வாரம் சாப்பிடாது. குறைந்தது பத்து நாள் முன்னதாகப் புதியவரைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். முதல் மூன்று நாள் நீங்கள் ஊட்டுங்கள், அவர் பார்க்கட்டும்; அடுத்த மூன்று நாள் கரண்டியை அவர் பிடிக்கட்டும், உங்கள் கை குழந்தையின் முதுகில் இருக்கட்டும்; அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி உட்காருங்கள். கடைசி நாள், போகிறேன் என்பதைக் குழந்தையிடம் அதன் கண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டு, குறிப்பேட்டில் நீங்கள் மட்டும் அறிந்ததாக ஏதாவது எழுதாமல் விட்டுப்போயிருக்கிறதா என்று இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.